எதிர்ப்பொருளின் மின்கணக்கு

உடலுக்குள் புகும் கிருமியையோ நச்சையோ இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருள், ஏறத்தாழ 1,300 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசினும் ஆர்ஜினினும் நேர் மின்னூட்டத்தையும், ஆஸ்பார்ட்டிக் அமிலமும் குளூட்டாமிக் அமிலமும் எதிர் மின்னூட்டத்தையும் தாங்கியிருப்பதால், புரதத்தின் மேற்பரப்பில் இருவகை மின்னூட்டங்களும் திட்டுத்திட்டாகப் பரவிக் கிடக்கின்றன. எதிர்ப்பொருளை மருந்தாக வடிவமைப்போர் அதன் உருவத்தைக் கவனிக்கும் அளவுக்கு இத்திட்டுகளையும் கவனிக்க வேண்டியுள்ளது.

தேநீர்க் கடையில் புளிப்புப் பட்ட பால் திரிந்துபோவதும் இந்த மின்னூட்டக் கணக்கினால்தான். கேசின் புரதத் துகள்கள் எதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கியபடி பாலில் மிதக்கின்றன. அமிலத்தன்மை ஏறி பி.எச். 4.6-ஐ நெருங்குகையில் நிகர மின்னூட்டம் சுழியாகிவிடுவதால் அவை ஒட்டித் திரள்கின்றன. சமமின் புள்ளி எனப்படும் இந்நிலை ஒவ்வொரு புரதத்துக்கும் வேறுபடும். எதிர்ப்பொருள் மருந்துக் கரைசலை அப்புள்ளியிலிருந்து தள்ளி வைப்பதே வழக்கம்.

தோலுக்கடியில் ஊசியாகப் போடும் மருந்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒன்றிரண்டு மில்லிலிட்டருக்குள் முழு அளவையும் அடக்க, ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேலும் புரதத்தைச் செறிக்க நேரிடுவதால், அண்டை மூலக்கூறுகளின் எதிரெதிர்த் திட்டுகள் ஈர்த்துக்கொண்டு, ஊசிமுனையில் இறங்க மறுக்கும் அளவுக்குக் கரைசல் கெட்டிப்பட்டுவிடக்கூடும். இதைத் தளர்த்த ஆர்ஜினின் உப்பைச் சேர்ப்பதுண்டு. மின்னூட்டத்தையே மாற்றிவிடலாமே என்றால் அதிலும் எல்லை உண்டு: நேர் மின்னூட்டம் மிகுந்த எதிர்ப்பொருள், எதிர் மின்னூட்டமுள்ள செல்பரப்புகளில் ஒட்டிக்கொண்டு, வேலையை முடிக்கும் முன்பே இரத்தத்திலிருந்து வெளியேறிவிடும்.

இக்கணக்கை மிக அழகாகப் பயன்படுத்தியவர்கள், அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தில் கண்ணன் குணசேகரனும் உடன் ஆய்வாளர்களும் ஆவர். இரு வேறு இலக்குகளை ஒருசேரப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு இரண்டு வெவ்வேறு கனச் சங்கிலிகள், அதாவது எதிர்ப்பொருளின் நீளமான அமினோ அமிலத் தொடர்கள், இணைய வேண்டும். தற்செயலாக விட்டால், பாதி மட்டுமே சரியாக இணையும், மீதி தன்னினத்தோடே சேர்ந்து வீணாகும். இயல்பான எதிர்ப்பொருளில் ஒரு சங்கிலியின் 409ஆம் இடத்து லைசின், மறு சங்கிலியின் 399ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை எதிர்கொண்டு பிணைக்கிறது. 2010-இல் வெளியான ஆய்வில் அவர்கள் ஒரு சங்கிலியின் லைசினை ஆஸ்பார்ட்டிக் அமிலமாகவும், மற்றதன் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை லைசினாகவும் மாற்றுவது போன்ற திருத்தங்களைச் செய்ததும், ஒரே இனச் சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்க, வேறினத்தவை தாமாகவே கூடின.

இதே கருத்தின் மற்றொரு வடிவம் எமிசிசுமாப் மருந்திலும் உள்ளது. இரத்தம் உறைய உதவும் 8ஆம் காரணி குறைவுற்ற ஹீமோஃபிலியா நோயாளிகளுக்காக 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, 9ஆம், 10ஆம் காரணிகளை இரு கைகளால் பற்றி அருகருகே நிறுத்தி, இல்லாத காரணியின் வேலையைச் செய்கிறது. அதன் சங்கிலிகளின் சமமின் புள்ளிகள் வேண்டுமென்றே வேறுபடுத்தப்பட்டிருப்பதால், தவறாகச் சேர்ந்தவற்றை மின்னூட்ட வேறுபாட்டைக் கொண்டே ஆலையில் பிரித்தெடுக்க முடிகிறது.