பில்ட்டர் மாற்றும் நாளில் உங்கள் அடுப்பை அணையுங்கள்



பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளையோ 1,200 மீற்றருக்கும் மேலே. இந்த ஏற்றத்தில் உங்கள் வீட்டு வண்டி இழுவையின்றித் திணறுகிறதா? சமதரையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் விக்குகிறதா? எரிபொருள் பில்ட்டர் அடைபட்டிருக்கலாம். மேட்டில் எஞ்சின் அதிக பெற்றோல் கேட்கும். தூசும் துருவும் நிறைந்த பில்ட்டர் அதை விடாது.

"கராஜுக்கு ஏன் காசு? நானே மாற்றிவிடுகிறேன்" என்று உங்கள் கணவரோ மகனோ வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்பேனரை எடுப்பார். ஆண்களின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கழற்றுவது வாசலில்தான். ஆனால் அதற்குத் தீ வைக்கக்கூடியது உங்கள் குசினியில் எரியும் அடுப்பு.

பெற்றோல் வேறு, மண்ணெண்ணெய் வேறு

நம் மலையக வீடுகளில் மண்ணெண்ணெயோடு பழகாத கை இல்லை. அந்தப் பழக்கமே இங்கு ஆபத்து. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோலோ உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலும் அந்த ஆவியை விடும். ஹப்புத்தளைக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

அந்த ஆவி காற்றை விட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு தவழ்ந்து பள்ளம் நோக்கி இறங்கும். நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். வண்டி மேலே பாதையோரம், குசினி கீழே. தோட்டத்து லயங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். நீங்கள் அடுப்பை அணைத்தாலும் அடுத்த காம்பராவில் விறகு எரியும். ஆகவே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அயலாரைக் காப்பதும் நம் கடமையல்லவா?

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

"பில்ட்டர் எங்கே இருக்கிறது?" இது முதற் கேள்வி. புதிய கார்கள் பலவற்றில் அது பெற்றோல் டாங்கிக்குள்ளேயே இருக்கும். அது வீட்டில் செய்யும் வேலையல்ல, கராஜுக்கே அனுப்புங்கள். பழைய கார்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் குழாயின் நடுவே சிறிய பிளாஸ்டிக் பில்ட்டர் இருக்கும். அதைக் கவனமாக மாற்றலாம்.

"குழாயில் அமுக்கம் இருக்கிறதா?" இன்ஜெக்ஷன் வகைக் கார்களில் எஞ்சின் நின்ற பின்னும் குழாயில் அமுக்கம் இருக்கும். அப்படியே கழற்றினால் கண்ணிலும் முகத்திலும் பீச்சியடிக்கும். பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும் வரை பொறுக்க வேண்டும். பிறகு பெட்டரியின் மறை முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும்.

"எஞ்சின் ஆறிவிட்டதா?" சூடான சைலன்சர் குழாயில் பெற்றோல் சிந்தக் கூடாது.

வேலை பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், வீட்டை விட்டுத் தள்ளி நடக்கட்டும். சிகரட், விளக்கு, நுளம்புத்திரி எதுவும் அருகில் வேண்டாம். பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். புதிய பில்ட்டரில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் நோக்க வேண்டும். வெடித்த ரப்பர் குழாயையும் தளர்ந்த கிளிப்பையும் திரும்பப் போடக் கூடாது. எஞ்சினை இயக்கியதும் கசிவு உண்டா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள். எரியும் பெற்றோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். பெற்றோல் நனைந்த சாரத்தை அடுப்புக்கு மேலே காயப்போடாதீர்கள், வெளியில் விரித்துவிடுங்கள்.

மிஞ்சிய பெற்றோல்

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளை நாம் மறக்கவில்லை. அதனால் வடிந்த பெற்றோலைக் கொட்டவும் மனம் வராது. சோடாப் போத்தலில் ஊற்றி மூலையில் வைப்போம். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது குளிர்பானம். அப்படி ஒரு பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது சுவாசப்பைக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தீக்காயத்துக்குப் பற்பசையோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தோரோடு எரிந்துபோனது. அச்செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்கள் பகைவன், உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னவர்களும் அவர்களே.

சகோதரியே, வண்டி அவருடையதாக இருக்கலாம். வீடும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பிலும் இருக்கும் அமானிதம். "இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம், அடுப்பு எரிகிறது" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஒரு வேளைச் சோறு தாமதமாகலாம். வீடு தப்பும், இன்ஷா அல்லாஹ்.