மலை ஏறக் கட்டணம் எதற்கு?

ஈப்போவுக்குக் கிழக்கே, 2,183 மீட்டர் உயரமுள்ள குனோங் கோர்பு, தீபகற்ப மலேசியாவின் இரண்டாவது உயர்ந்த சிகரம். அங்கே ஏற வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். அந்தக் கட்டணம் நியாயமே. யாராவது காணாமற்போனால், யாரைத் தேடுவது என்றாவது தெரியும்.

ஆனால் சட்டை, பதக்கம், சான்றிதழ் என்று ‘சவால்’ விற்பது வேறு. காசு கட்டியவருக்கு மழை வந்தாலும் திரும்ப மனம் வராது. நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்தால் பாதை ஓடையாகும். கரையும் மண் கிந்தா ஆற்றில் சேரும். ஈப்போ குடிப்பது அந்தத் தண்ணீரைத்தானே!

தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவுக்கு மலையடிவார நடை பிழைப்பு. பேரனுக்கு அது ஆரோக்கியம். காசில்லை என்பதற்காக அவன் ஒதுங்கி நிற்கக்கூடாது.

ஆகவே கேளுங்கள்: கொடுக்கும் வெள்ளியில் பாதைக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கு எவ்வளவு? பதில் சொல்லாதவரிடம் பெயர் கொடுக்காதீர்கள்!