தீப்புண்ணும் மேல்தோலின் அடுக்குகளும்

கொதிநீரோ சூடான எண்ணெயோ கொட்டிக் காயமுற்றவர்களைப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சிலருடைய புண்ணின்மேல் பற்பசையோ, பேனா மையோ, மாவோ பூசப்பட்டிருக்கும். அன்பினால் செய்ததே எனினும், அதைக் கழுவி அகற்றும்போது நோயாளி படும் வேதனை பெரிது. புண்ணின் ஆழத்தைக் கணிப்பதும் கடினமாகிறது. தோலின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

தோலின் வெளிப்பகுதியே மேல்தோல். இமைகளில் இது தாள்போல் மெல்லியது, உள்ளங்காலில் தடித்தது. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. கீழுள்ள உள்தோலிலிருந்தே ஊட்டம் பெறுகிறது.

மேல்தோலின் அடித்தளத்தில் அடிப்படை அடுக்கு உள்ளது. புதிய செல்கள் பிறப்பது இங்கேதான். இங்குள்ள நிறமி செல்கள் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கின்றன. அதன்மேல் உள்ள முள் அடுக்கில் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து தோலுக்கு வலிமை தருகின்றன. கிருமிகளை இனங்காணும் நோயெதிர்ப்பு செல்களும் இங்கு உண்டு. அடுத்த குருணை அடுக்கு கொழுப்புப் பொருளைச் சுரந்து உடல்நீர் வெளியேறாமல் தடுக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஒளிபுகு அடுக்கு கூடுதலாக அமைந்துள்ளது. யாவற்றிற்கும் மேலாக, இறந்த செல்களாலான கொம்பு அடுக்கு கவசமாகிறது. அடியில் பிறந்த செல் மேலெழுந்து உதிர ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகும்.

வெப்பம் மேல்தோலை மட்டும் தாக்கினால் தோல் சிவந்து எரியும். சில நாள்களில் ஆறிவிடும். கொப்புளம் எழுந்தால் உள்தோலும் பாதிக்கப்பட்டுள்ளது என்று பொருள். அப்போதும் மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் மேல்தோல் செல்கள் பரவிப் புண்ணை மூட முயலும். அவையும் அழிந்துவிட்டால் தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்படலாம். அத்தகைய ஆழ்ந்த புண்ணில் நரம்பு முனைகளும் அழிவதால் வலி குறைவாகவே இருக்கும். வலி இல்லை என்பதால் புண் சிறிது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

சுட்டவுடன் மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். குழாய்நீரைப் புண்ணின்மேல் 20 நிமிடங்கள் ஓடவிடுங்கள். பனிக்கட்டி வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். பின்னர்த் தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கும், முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் ஏற்படும் புண்களுக்கும் தாமதம் கூடாது.

எதையும் பூசாமல், நீரில் குளிர்வித்து அழைத்துவரப்படும் நோயாளிக்கே எங்களால் விரைந்து சிகிச்சை தொடங்க இயலும்.