டிரைவர் பக்கத்து ஜன்னல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து ஜன்னல் சீட்டுக்காக அடித்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கம்தான் கூடவே வரும். அங்கே உங்கள் நண்பனை உட்காரவைத்து, சாலையோர மரங்களை வேடிக்கை பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அவன் கண்மணியைக் கவனியுங்கள். ஒரு மரத்தோடு கொஞ்சம் பின்னால் போகும். வெடுக்கென்று முன்னால் தாவி அடுத்த மரத்தைப் பிடிக்கும். இனி மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு அடங்கிவிடும். தூரத்தில் இருப்பது நம் கண்ணுக்கு மெதுவாகத்தானே நகர்கிறது!

பஸ் நின்றாலும் கண் சும்மா இருக்காது. சாதாரணமாகவே நொடிக்குச் சுமார் மூன்று முறை இடம் மாறும். கடைத்தெரு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படிக்கத் தெரிந்தவர் பெயர்ப்பலகையைப் படிக்காமல் தாண்டுவது கஷ்டம். ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் பார்க்க வேண்டும். இப்படி வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும் என்றார்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் காப்லனும் ஸ்டீபன் காப்லனும். மேகமும் அசையும் இலையும் எந்த வேலையும் வைக்காமல் நம்மை இழுத்துக்கொள்கின்றன. களைத்த கவனம் அந்த நேரத்தில் தேறிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். காயத்துக்குத் துணி கட்டுகிறோம், சரி. ஜன்னலும் வைத்தியம் செய்யுமா? ரோஜர் உல்ரிச் என்பவருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் 23 பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் இலையோடு இருக்கும் மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டார், கெட்டிக்காரர்! மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வலிக்கான கடுமையான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

உடனே 'காடு நல்லது, ஊர் கெட்டது' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 46 பேர் என்பது சின்னக் கணக்கு. தோற்றது ஊர் அல்ல, ஒரு மொட்டைச் சுவர். வெகுநாள் படுத்துச் சலித்துப்போனவருக்குக் கலகலப்பான தெருவே மேலாக இருக்கலாம் என்று உல்ரிச்சே எழுதியிருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதர் கட்டியதுதான்: 11 நிலை, 192 அடி. அதைப் பார்த்து யாருக்காவது கண் சலித்ததுண்டா? தூரத்தில் வெறும் நிழலுருவம். கிட்டே போனால் நிலைகள் தெரியும்; ஒவ்வொன்றும் கீழே இருப்பதன் சாயலில், சற்றுச் சிறிதாக. மரத்திலும் கிளைக்குள் கிளை, இலைக்குள் நரம்பு. கிட்டப் போகப் போகப் புதிதாக ஏதாவது தருவதைத்தான் கண் விரும்புகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பச்சை நிறம் மட்டுமே காரணம் என்றால் பச்சை பெயின்ட் அடித்த சுவர் போதுமே!

ஐரோப்பாவில் 2018இல் வந்த கட்டட வெளிச்சத் தரவிதி ஜன்னல் காட்சிக்கு மார்க் போடுகிறது. முதல் தரம் வாங்க வானம், தூரக்காட்சி, தரை மூன்றும் தெரிந்தாக வேண்டும். ராஜபாளையத்து மொட்டைமாடியில் இந்த மூன்றும் இலவசம்: மேலே மேகம், நடுவே மலை, கீழே தெரு. மாடியிலிருந்து இறங்கினால்தான் சிக்கல். எதிரே இருக்கும் சுவர் 6 மீட்டருக்குள் வந்துவிட்டால் அந்த விதி அதைக் காட்சியாகவே ஒப்புக்கொள்ளாது. 6 மீட்டர் என்பது ஏறக்குறைய 20 அடி. உங்கள் தெருவில் எத்தனை ஜன்னல் பாஸாகும்? டேப்பை எடுங்கள்.