ஒகேனக்கல்லில் இன்று எத்தனை கன அடி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விடுதியில் பல் துலக்கும் முன்பே கைப்பேசியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் வந்துவிட்டது. தங்கத்தின் விலை, கிரிக்கெட் முடிவு, எங்கோ ஓர் ஊரில் மீன் மழை பெய்ததாக ஒரு படம், இரண்டு தலையோடு பிறந்த கன்றுக்குட்டி, தேர்வு தள்ளிப்போகிறது என்னும் வதந்தி ஆகிய எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. இவற்றுக்கு நடுவே, எங்கள் பக்கத்து மக்கள் தவறாமல் தேடும் செய்தி ஒன்று உண்டு. "ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்பதே அது.

மற்றவர்களுக்கு அது ஓர் எண். எங்கள் வீட்டிலோ அன்றைய அடுப்பு அந்த எண்ணை நம்பித்தான் எரிகிறது. என் தந்தையார் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர். நீர்வரத்து மிகுந்தால் மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கும். அது உயிரைக் காப்பதற்கான தடை. அதில் அப்பாவுக்கு வருத்தம் இல்லை. "ஆத்துக்கு முன்னால நாம பெரியவங்க இல்லை" என்பார். தண்ணீர் வடிந்ததும் தடை நீங்கும். பரிசல் மறுபடி நீரில் இறங்கும். இப்படி ஏறி இறங்கும் எண்ணோடு எங்கள் வாழ்வும் ஏறி இறங்குகிறது.

அந்த எண்ணின் பொருளை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று. நான் செய்த ஒரு பிழையே எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ஒரு படம் வந்தது

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை வாரத்தின் தொடக்கம். எங்கள் வகுப்புத் தோழியர் குழுவில் ஒரு காணொளி வந்தது. பாறைகள் அனைத்தும் மறைந்து, செந்நிற வெள்ளம் சீறிப் பாய்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே, "ஒகேனக்கல் இப்போது! யாரும் வர வேண்டாம்!" என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரின் பெயரைக் கண்ட பெருமிதத்தில் நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. என்னிடமிருந்த குழுக்கள் அனைத்துக்கும் அனுப்பினேன். "எங்கள் ஊர் காவிரியைப் பாருங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். அப்பா மாலை ஐந்து மணிக்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, தடை போட்டுட்டாங்களா?" என்றேன்.

"தடையெல்லாம் ஒண்ணும் இல்லை கண்ணு. தண்ணி அளவாத்தான் போவுது. ஆனா ஆளுங்க வரலை. வர்றதாச் சொல்லியிருந்த ரெண்டு வேனும் பாதி வழியிலேயே திரும்பிட்டாங்களாம். வெள்ளம்னு யாரோ படம் அனுப்பியிருக்காங்க."

நான் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படத்தின் கீழிருந்த எழுத்தை அவர் படிக்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்.

"இது இப்ப எடுத்தது இல்லம்மா. தண்ணி நெறத்தைப் பாரு. இது புதுத் தண்ணி, செம்மண்ணா வருது. இன்னிக்கு நான் துடுப்பு போட்ட தண்ணி தெளிஞ்சு பச்சையா கிடக்கு. இந்த அளவு வந்தா நான் இங்க உக்காந்து உன்கிட்ட பேசிக்கிட்டு இருப்பேனா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய செய்தியைத் தேடிப் பார்த்தேன். நீர்வரத்து வினாடிக்கு 8,000 கன அடி என்றிருந்தது. அந்த எண்ணை நான் காலையிலேயே படித்திருந்தேன். படித்தும், அதன் பொருள் விளங்காததால் படத்தை நம்பினேன்.

கன அடி என்பது என்ன?

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியில் பிடிக்கும் நீர் ஒரு கன அடி. அது ஏறத்தாழ 28.3 லிட்டர், நம் வீட்டுக் குடம் இரண்டு கொள்ளும். ஆற்றின் ஓரிடத்தை ஒரு வினாடியில் அத்தகைய எத்தனை பெட்டி நீர் கடக்கிறது என்பதே நாள்தோறும் நாம் படிக்கும் எண்.

ஒரு லட்சம் கன அடி என்றால் வினாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியைக் கணக்கிட்டால், கண் இமைக்கும் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 236 லாரி நீர் நம் முன்னே ஓடுகிறது. 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளக் காலங்களில் இதையும் தாண்டி ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் ஒகேனக்கல்லில் நீர் பாய்ந்தது. அதே 2024 கோடையிலோ சில நூறு கன அடியாகச் சுருங்கி, பாறைகளே ஆறாகத் தெரிந்தன. ஒரே ஆண்டுக்குள் ஒரே ஆறு இத்தனை முகம் காட்டுகிறது. எனவே, "ஒகேனக்கல்" என்று எழுதிய படம் எந்த நாளுடையது என்று அறியாமல் அதற்குப் பொருளே இல்லை.

யார், எப்படி அளக்கிறார்கள்?

கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில், ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே, பிலிகுண்டுலு என்னும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. அங்குள்ள முறை நாம் செய்முறை வகுப்பில் காணும் எளிய விதிதான். ஆற்றின் குறுக்கு வெட்டுப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஆற்றின் அகலம் 100 அடி, சராசரி ஆழம் 5 அடி, நீரின் வேகம் வினாடிக்கு 4 அடி என்று கொள்வோம். 100 × 5 × 4 = 2,000 கன அடி. அவ்வளவுதான்.

ஆனால் ஆறு நாம் வரையும் செவ்வகம் அன்று. கரையோரம் நீர் மெதுவாகவும் நடுவே விரைவாகவும் ஓடும்; அடியில் பாறை உராய்வதால் வேகம் குறையும். ஆகையால் ஆற்றைப் பல கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் தனித்தனியே அளந்து கூட்டுவார்கள். வேகத்தை அளக்க நீரோட்டமானி என்னும் கருவி உண்டு. நீரில் இறக்கினால் அதன் சிறு கிண்ணங்கள் சுழலும். குறித்த நேரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

நினைத்த நேரமெல்லாம் ஆற்றில் இறங்கி இப்படி அளந்துகொண்டிருக்க முடியாது. எனவே பல அளவுகளை முன்பே எடுத்து, நீர்மட்டம் இத்தனை இருந்தால் ஓட்டம் இத்தனை இருக்கும் என்று அட்டவணை செய்துகொள்கிறார்கள். பிறகு ஆற்றில் நட்ட அளவுகோலில் நீர்மட்டத்தைப் படித்தாலே போதும். கன அடி தெரிந்துவிடும்.

இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் வியப்படையவில்லை. "நம்ம துறைக்கு எதுத்தாப்ல ஒரு பாறை இருக்கில்ல, அதோட தோள் நனைஞ்சா நாங்க பரிசலைக் கவுத்து வச்சிடுவோம்" என்றார். அவருக்கு அந்தப் பாறையே அளவுகோல். முப்பது ஆண்டு அனுபவமே அட்டவணை. விஞ்ஞானம் வேறு, எங்கள் வீட்டு அறிவு வேறு என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

எண் எங்கெல்லாம் போகிறது?

ஆற்று நீரைப் பெரிய அளவில் பேசும்போது டி.எம்.சி. என்கிறோம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி.

இந்தக் கணக்குத் தெரிந்தால் செய்திகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு லட்சம் கன அடி வெள்ளம் குறையாமல் வந்தால் வெற்று அணையும் பதினோரு நாளுக்குள் நிரம்பிவிடும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி, இயல்பான ஓராண்டில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. அது ஆண்டு முழுவதும் சீராக ஓடுவதாக வைத்துக்கொண்டால் வினாடிக்கு ஏறத்தாழ 5,620 கன அடி ஆகும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் தஞ்சை உழவரும், துறையில் துடுப்போடு காத்திருக்கும் என் அப்பாவும் ஒரே அளவுகோலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொய்யாகாத படம் சொல்லும் பொய்

எனக்கு வந்த காணொளி பொய்யன்று என்பதுதான் இதில் விந்தை. அது உண்மையான ஆறு, உண்மையான வெள்ளம். பொய்யாய் இருந்தது "இப்போது" என்ற ஒரு சொல் மட்டுமே. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பாட்டிமார் சொல்வதன் முதற்பகுதி எனக்கு அதுவரை புரிந்ததில்லை.

என் பிழையால் நேர்ந்தது ஒரு நாள் வருமான இழப்பு. இதே வகைப் பிழையால் உயிரே போனதும் உண்டு. 2018 மே மாதம், நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடியது, அந்த அம்மையார் அடித்தே கொல்லப்பட்டார். அந்நாட்களில் இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வருபவர் குழந்தையைத் தூக்கிச் செல்வதும், பின்பு திருப்பிக் கொண்டுவந்து விட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதும் அதில் உண்டு. யாரோ கடைசிப் பகுதியை வெட்டினார்கள். எச்சரிக்கைப் படம் கடத்தல் படமாயிற்று. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு கட்டியது.

2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக, வேறு இடங்களில் நடந்த வேறு சம்பவங்களின் காட்சிகள் பரப்பப்பட்டன. நம்மோடு உழைக்க வந்தவர்கள் அஞ்சி ஊர் திரும்பினார்கள். இங்கும் படங்களில் காட்சி உண்மை, இடம் பொய்.

மூன்று கேள்விகள்

அன்று முதல் ஒரு செய்தியோ படமோ வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகியிருக்கிறேன்.

முதலாவது, எங்கே? படத்தில் தெரியும் பெயர்ப்பலகை, வண்டி எண், மக்கள் பேசும் மொழி ஆகியவற்றைப் பார்த்தாலே பல படங்கள் வேற்றூர்ப் படங்கள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, எப்போது? காணொளியில் ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து, இணையத்தின் படத்தேடலில் இட்டால், அதே படம் முன்பு எந்த ஆண்டில் வந்தது என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கு இரண்டு நிமிடமே ஆகும்.

மூன்றாவது, எவ்வளவு? "பெருவெள்ளம்", "கடும் விஷம்", "கோடிக்கணக்கில்" என்ற சொற்களுக்குப் பின்னே ஓர் எண் உண்டா? அதை அளந்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்? இதைக் கேட்கத்தானே நமக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "படிச்ச பிள்ளை சொல்லுது" என்று தெருவில் நான் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். நம் கல்லூரியில் என்னைப் போல் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நாம் முன்னனுப்பும் செய்தி, நம் வீட்டாருக்குப் படித்த பிள்ளையின் சாட்சியோடு போய்ச் சேர்கிறது. அந்தப் பொறுப்பை நாம் உணர வேண்டும், நண்பர்களே!

இப்போது நாள்தோறும் காலையில் அப்பாவுக்குத் தொலைபேசியில் கன அடியைப் படித்துச் சொல்கிறேன். "பாறை என்னப்பா சொல்லுது?" என்று கேட்கிறேன். அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எண்ணுக்கு எதிரே எழுதி வருகிறேன். ஓராண்டு ஆனால் அதுவும் ஓர் அட்டவணை ஆகும்.

ஒன்று மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வேன்கள் திரும்பிப் போன அன்று, படத்தை அனுப்பிய "யாரோ"க்களில் நானும் ஒருத்தி என்பதே அது. இந்த மலர் அச்சாகி வந்ததும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இக்கட்டுரையை முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.