கோழியின் உணவுத் தேர்வும் இறைவழிகாட்டலும்

உன் இறைவன் யார் எனக் கேட்ட ஃபிர்அவ்னுக்கு நபி மூஸா (அலை) அவர்கள் அளித்த மறுமொழி, திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயம் 50ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. படைத்தலையும் வழிகாட்டலையும் அம்மறுமொழி தனித்தனியே எடுத்துரைக்கிறது. ஈண்டு வரும் ‘ஹிதாயத்’ என்பது விலங்கு தன் இரையையும் இணையையும் அறிந்து நாடும் இயல்புணர்வையும் உள்ளடக்கும் என விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டு முற்றத்துக் கோழியே போதும்.

முட்டையோடு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் அடங்கியுள்ளது. அவ்வோடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் செல்லும். அதன் பெரும்பகுதி, கோழி இரையெடாது அடைந்திருக்கும் இரவிலேயே நிகழ்கிறது. தானியத்தையும் கிளிஞ்சல் துண்டுகளையும் தனித்தனிக் கலங்களில் வைத்தால், முட்டையிடும் கோழி பிற்பகலிலும் மாலையிலும் கிளிஞ்சலை மிகுதியாக நாடுகிறது. ஓடு உருவாகாத நாளில் அந்நாட்டம் தணிகிறது. இரவில் ஏற்படும் குறையை, எலும்பின் உட்குழியில் சேமிக்கப்பட்ட கால்சியம் ஈடுசெய்கிறது. முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிக்கோ இத்தேவை மிகக் குறைவு; அதற்கு அளவு மீறிய கால்சியம் சிறுநீரகத்திற்கே ஊறு செய்யும்.

கால்சியம் குறைந்த கோழிகள் அச்சத்து மிக்க உணவைத் தேர்ந்தெடுப்பதை ஹியூஸ், உட்கஷ் என்னும் ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். பொதுவாக, உணவில் ஆற்றல் குறைந்தால் கோழி மிகுதியாக உண்ணும். வெப்பம் மிகுந்தால் உணவைக் குறைத்துக்கொள்ளும்.

எனினும் இவ்வுணர்வை நாம் மிகைப்படுத்திக் கூறலாகாது. எல்லாச் சத்துகளின்பாலும் கோழிக்கு இத்தகைய கூரிய நாட்டம் இல்லை. எதை உண்டபின் உடல் நலமுற்றது என்பதைப் பட்டறிந்தும் அது கற்றுக்கொள்கிறது. மேலும், இவ்வுணர்வு உடல்நலனைக் காப்பதேயன்றி மார்க்கத் தூய்மையைக் காப்பதன்று. கழிவை உண்டு திரிந்த கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்துவைத்த பின்னரே உண்பார்கள் என்னும் அறிவிப்பு இதனை உணர்த்தும். கோழிக்கு அளிக்கப்பட்டது இல்ஹாம். ஹலாலையும் ஹராமையும் பிரித்தறியும் பொறுப்பு மனிதனுடையது.

யாவற்றினும் முதன்மையான வரம்பு ஒன்றுண்டு. தேர்ந்தெடுக்கப் பல பொருள்கள் இருந்தால்தானே தேர்வுணர்வு பயன்படும்! அரைத்துக் கலந்த ஒரே தீவனத்தைக் கூண்டில் பெறும் கோழிக்குத் தானியத்தை விடுத்துக் கிளிஞ்சலை எடுக்க வழியில்லை. கலவையில் கால்சியம் குறைந்தால், அதைப் பெறும்பொருட்டுத் தேவைக்கு மேல் முழுத் தீவனத்தையும் உண்ண நேரிடும். அல்லது தன் எலும்பையே கரைத்து ஓட்டை ஆக்க வேண்டிவரும்.

பூனையை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றிப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஹதீஸை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள்மீது கூறப்பட்ட குற்றம் இருவகைப்பட்டது: தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தேடி உண்ண அதனை விடவும் இல்லை. இரண்டில் ஒன்றையேனும் செய்திருப்பின் அப்பூனை பிழைத்திருக்கும். ஆகவே, விலங்கை அடைப்பவர் அதன் தேடலைத் தடுக்கின்றார்; தடுத்த அக்கணமே அத்தேடலின் பொறுப்பு முழுவதும் அவரைச் சார்கிறது.

கோழி வளர்ப்போருக்கு இதிலிருந்து விளங்குவது யாது? வயிறு நிறைப்பதோடு கடமை முடிந்துவிடாது. கூண்டில் வளர்ப்பவர், கோழி வெளியே தேடிப் பெற்றிருக்கக்கூடிய சத்துகளை அதன் வயதுக்கும் பருவத்திற்கும் ஏற்பத் தாமே அளந்து தர வேண்டும். இயலுமாயின், கிளிஞ்சலைத் தனிக் கலத்தில் வைத்து அதன் தேர்வுக்கு விட்டுவிடலாம். படைத்தவன் அதற்குக் கற்பித்திருப்பதை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதற்குத் தடையாக நில்லாதிருப்பதே நம்மீதுள்ள அமானத்.