14 கார்கள் திரும்பின! 6 கார்கள் ஓடின!
கோவை வீரர் 4-வதாக வந்த பந்தயம்

ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் வளைவில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்துக் கொள்வார். ஏன்? வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். வேகமாகத் திருப்பினால் டயர் தாங்காது.

அமெரிக்காவில் ஒரு பெரிய கார் பந்தயமே இதனால் கெட்டது!

டயர் வெடித்தது

2005-ம் ஆண்டு ஜூன் மாதம். ஊர் இண்டியானாபோலிஸ். பார்முலா ஒன் பந்தயம். அங்கே 13-வது வளைவில் பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கார்கள் முழு வேகத்தில் அதில் பாயும். அப்போது இடது பின் டயர்தான் பெரும் பாரத்தைச் சுமக்கும்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ரால்ப் ஷூமேக்கரின் காரில் அந்த டயர் போய்விட்டது. கார் சுவரில் மோதியது. அது மிஷெலின் டயர். 20 கார்களில் 14 கார்களுக்கு அதே கம்பெனி டயர்தான்!

"அந்த வளைவில் வேகத்தைக் குறைத்தால்தான் ஓடலாம்" என்று கம்பெனியே சொல்லிவிட்டது. வளைவுக்கு முன் தடுப்பு வைக்கும்படி குழுக்கள் கேட்டன. பந்தயத்தை நடத்துகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு விதியும் கடுமை. பந்தயம் முழுவதும் ஒரே டயர்கள்தான். பழுதானால் தவிர மாற்றக் கூடாது.

19-ந் தேதி 20 கார்களும் ஒரு சுற்று வந்தன. உடனே 14 கார்கள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன! காசு கொடுத்து வந்த ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பாட்டில்களையும் எறிந்தார்கள். அவர்கள் கோபத்தைத் தப்பென்று சொல்ல முடியுமா?

நாராயண் என்ன செய்தார்?

மிஞ்சிய 6 கார்களில் இருந்தவை பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள். இரண்டு பெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி. ஒரு ஜோர்டனை ஓட்டியவர் நமது கோவை நாராயண் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர்.

பெராரியைப் பிடிப்பது ஆகாத காரியம். அதைத் துரத்தினால் டயர் தேயும். ஜோர்டனுக்கு உண்மையான எதிரி மினார்டி. மினார்டிக்கு முன்னால் இருக்க வேண்டும், காரை உடைக்காமல் 73 சுற்றும் முடிக்க வேண்டும். அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

நாராயண் அதைச் செய்தார். மைக்கேல் ஷூமேக்கர் முதலாவது. பாரிக்கெல்லோ இரண்டாவது. ஜோர்டன் கூட்டாளி மான்டீரோ மூன்றாவது. நாராயண் நான்காவது! ஜோர்டன்கள் பெராரிக்கு ஒரு சுற்று பின்னால். மினார்டிகள் இரண்டு சுற்று பின்னால்.

"ஆறு பேரில் நான்காவதா?" என்று சிலர் சிரித்தார்கள். புள்ளிகளைப் பாருங்கள். மான்டீரோவுக்கு 6, நாராயணுக்கு 5. அந்த ஆண்டு முழுவதும் ஜோர்டன் குழு பெற்றது 12 புள்ளிகள். அதில் 11 அன்று ஒரே நாளில் வந்தவை! மினார்டிக்கு ஆண்டு முழுவதும் 7. இரண்டு மினார்டிகளும் முந்தியிருந்தால் அந்தக் குழுவுக்கு 11, ஜோர்டனுக்கு 8. பத்துக் குழுக்களில் ஜோர்டன் கடைசிக்குப் போயிருக்கும்.

பார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் வாங்கிய முதல் புள்ளிகள் அந்த 5-தான்.